போலீஸ் கேஸ் வேண்டாம், வாடகைக்கு ஓர் அறை வேண்டும்: சேலம் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாநகராட்சி மேயர், ஆணையாளர், 60 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள், மாநகரக் காவல் ஆணையாளர் ஆகிய உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட் ஓரத்திலும் பாலத்தடியிலும் படுத்துக்கொள்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்ற பேச்சு நம் ஊரில் ஓயாமல் நடக்கிறது. கடைக்காரர்கள் கூடும் இடத்தில் நடக்கிறது, குடியிருப்போர் சங்கத்தில் நடக்கிறது, யாரோ ஒருவர் போர்த்திப் படுத்திருக்கும் படத்தோடு வாட்ஸ்அப் குழுவிலும் வருகிறது. படத்துக்குக் கீழே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: போலீஸ் என்ன செய்துகொண்டிருக்கிறது? நானும் கடைக்காரன்தான். அரசு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன், அந்தக் குழுக்களிலும் இருக்கிறேன். அந்தக் கேள்வி தப்பான இடத்துக்குப் போகிறது என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன். வீடில்லாமல் இருப்பதைக் குற்றமாக்கினால் இந்த ஊரில் வீடில்லாதவர் ஒருவர்கூடக் குறையமாட்டார். குறைய வேண்டுமானால் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை அறைகள் வேண்டும். அதற்கு வழி செய்யும் அதிகாரம் உங்கள் மன்றத்திடம் இருக்கிறது.

இவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் மூட்டை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். லாரி ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் அந்த நேரத்துக்கு ஆள் நின்றாக வேண்டும், ஊர்க்கோடியில் குடியிருந்துகொண்டு அந்த வேலைக்கு வர முடியாது. பூ கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாம்பழ சீசனுக்குக் கூடை தூக்க வந்து திரும்பிப் போகாதவர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டு அங்கேயே படுத்திருந்து ஹோட்டல் மூடியதும் வெளியே வந்தவர்கள், குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள், மகன் வீட்டில் இடமில்லாமல் போன பெரியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கமிருந்து சிகிச்சைக்கு வந்து, டிஸ்சார்ஜ் ஆனபிறகு போக இடமில்லாமல் இங்கேயே தங்கிப்போனவர்களும் உண்டு. என் கடைக்கு வந்து போகிறவர்களில் கை நீட்டுகிறவர்களைவிட உழைத்துப் பிழைப்பவர்கள்தான் அதிகம்.

அவர்களில் ஓர் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூ கட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. இன்சுலின் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பிரிக்காத இன்சுலின் பாட்டிலை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சேலத்து ரோட்டோரத்தில், துணிப்பைக்குள் வைத்தால் அந்த மருந்து என்ன ஆகும்? அதனால் அவருடைய பாட்டில்கள் என் கடை ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், பெயர் எழுதிய கவரில் இருக்கின்றன. பிரித்த பாட்டிலையும் அங்கேயே வைத்துவிட்டு, காலையில் ஷட்டர் தூக்குகிற நேரத்துக்கு வந்து நிற்பார். போட்டுக்கொண்டதும் சாப்பிட்டாக வேண்டும். அதற்குக் கவலையில்லை, அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். ஆடி மாதம் வந்துவிட்டால் கோட்டை மாரியம்மன் புண்ணியத்தில் தெருவுக்குத் தெரு கூழும் சோறும் ஊற்றுகிறார்கள். சோறு போட இந்த ஊரில் எப்போதும் ஆள் இருக்கிறது.

அவருடைய காலில் ஒரு புண் வந்தது. "நனையாமப் பாத்துக்கங்க, காலைத் தொங்கப் போடாம தூக்கி வெச்சுப் படுங்க" என்று சொல்லிக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். மழை பெய்தால் அவர் படுக்கிற கடைத் திண்ணையில் சாரல் அடிக்கும், குத்துக்காலிட்டு உட்கார்ந்தே விடிய வைப்பார். தூங்கினீர்களா என்று கேட்டால், "தூக்கம் எங்க தம்பி? பூ வண்டி வந்து ஆள் நடமாட்டம் ஆனப்புறம்தான் கொஞ்சம் கண்ணசருவேன். அதுக்கு முன்னாடி கண்ண மூட பயம்" என்பார். என்ன பயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ராத்திரியில் பூட்டிக்கிடக்கிற கட்டணக் கழிப்பறையும், நாப்கின் வாங்கிக்கொண்டு 'எங்கண்ணா மாத்தறது' என்று என்னையே கேட்ட சின்னப் பெண்ணும் அந்தப் பயத்தில் சேர்த்திதான்.

ஒரு நாள் அந்தக் கடை வரிசையில் படுத்திருந்தவர்களை எழுப்பித் துரத்தினார்கள். துரத்தியது யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, யாரையும் மாட்டிவிடுவதற்காக இந்த மடலை நான் எழுதவில்லை. பைகள் குப்பை வண்டியில் போய்விட்டன. அக்காவின் பையில் ஆஸ்பத்திரி நோட்டு, ஆதார் அட்டை, ஒரு மாற்றுப் புடவை, பூ கட்டுகிற நார் எல்லாம் இருந்தன. நோட்டு போனதால் மறுபடி சீட்டுப் போட்டு, மறுபடி ரத்தம் கொடுத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஆதாரைத் திரும்ப எடுக்கலாம் என்று போனால் நம்பர் ஞாபகமில்லை, பதிந்து வைத்திருந்த போன் எப்போதோ தொலைந்துவிட்டது. இந்த அலைச்சலில் புண் முற்றி ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. ஆபரேஷன், வார்டில் படுக்கை, மருந்து என்று அரசாங்கத்துக்கு ஆன செலவை ஒரு சின்ன அறையின் வாடகையோடு வைத்துப் பாருங்கள். இப்போது அவர் இன்னொரு தெருவில் இன்னொரு கடை வாசலில் படுக்கிறார்.

கேஸ் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்ப்போம். பிச்சையெடுத்தலைத் தடுக்க 1945இல் வந்த சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. அப்புறம், ரோட்டோரம் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சந்தேக கேஸ் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 128ஆம் பிரிவு. குற்றம் செய்கிற நோக்கத்தோடு ஒருவர் ஒளிந்து திரிகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் நடுராத்திரியில் கையில் பையோடு நிற்பவரிடம் வீடு எங்கே என்று கேட்டு, பதில் வராவிட்டால், அந்த 'காரணம்' கிடைத்துவிட்டதாக நினைப்பது மிகச் சுலபம். பிடித்துக் கொண்டுபோனால் அற்பக் கேஸாகத்தான் இருக்கும், ஜாமீனும் கிடைக்கும். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே! ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் உள்ள ஓர் ஆளை அவர் எங்கே போய்க் கூட்டி வருவார்? நமக்கு ஒரே நாளில் முடிகிற விஷயத்துக்கு அவர் உள்ளேயே கிடப்பார். வெளியே வரும்போது மண்டியில் அவர் இடத்தில் வேறு ஆள் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார். அடுத்த வாய்தாவுக்குச் சம்மனை எந்த விலாசத்துக்கு அனுப்புவீர்கள்? வராவிட்டால் வாரண்ட். வீடில்லை என்பதில் தொடங்கியது தேடப்படும் ஆள் என்பதில் போய் முடியும்.

நிலையான வீடில்லாத மக்களைப் பிறப்பிலேயே சந்தேகப்பட்ட வரலாறு நம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மிச்சமாக, சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஊரின் பெயரையே சுமந்த சமூகங்கள் இன்றைக்கும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. பிற்பாடு அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பவன் திருடன்தான் என்ற நினைப்பு அதோடு போய்விடவில்லை.

நீதிமன்றங்கள் இதில் வெகுதூரம் வந்துவிட்டன. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றது. நடைபாதையிலேயே குடியிருக்கும் உரிமையை அது கொடுத்துவிடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மக்கள் வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியே அங்கே படுக்கிறார்கள் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டு எழுதியது. 1996இல் இருப்பிடமும் அடிப்படை உரிமையில் சேரும் என்றது. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கும் பம்பாய்ச் சட்டத்தின் பிரிவுகள் டெல்லியில் செல்லாது என்று தள்ளியது. அந்தச் சட்டப்படி, பிழைக்க வழி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் பொது இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாலே அது பிச்சையெடுப்பதற்குச் சமம். 2019இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றமும் அங்கிருந்த சட்டத்தைத் தள்ளியது. 2021இல் கொரோனா நேரத்தில் தெருவில் பிச்சை எடுப்பதைத் தடை செய்யக் கேட்டு ஒருவர் போனபோது, தடை செய்ய முடியாது, இது சமூக, பொருளாதாரப் பிரச்சினை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

இவ்வளவுக்குப் பிறகும் ஊர்கள் பழைய வழியைத்தான் தேடுகின்றன. 2017இல் வெளிநாட்டு விருந்தாளிகள் வரும் மாநாட்டுக்காக ஹைதராபாதில் பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து வாரிக் கொண்டுபோய்ச் சிறை வளாகத்தில் நடந்த காப்பகங்களில் விட்டார்கள். இந்தூரில் 2025 ஜனவரியிலிருந்து பிச்சை போடுகிறவர்மேலும் கேஸ் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் 2024 ஜூனில், வெளியில் படுத்துறங்குவதற்கு அபராதம் போட்ட ஆரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பக்கம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. படுக்க இடமில்லாதவரிடம் அபராதம் வசூலித்து என்ன கிடைக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, மாற்று வழி என்ன? நியூயார்க்கில் 1992இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ஒரு வழக்கத்தைத் தலைகீழாக்கினார். அதுவரை எங்கும், முதலில் குடியை விடு, மருந்து ஒழுங்காகச் சாப்பிடு, நல்லபடியாக இருந்தால் கடைசியில் வீடு என்றுதான் படி வைத்திருந்தார்கள். அவர் எந்த நிபந்தனையும் இல்லாமல் முதலில் வீட்டைக் கொடுத்தார், மற்ற உதவிகள் வீட்டுக்குள் வந்தபிறகு. ஃபின்லாந்து 2008இல் அதையே அரசுத் திட்டமாக்கியது. இரவுக் காப்பகங்களை இடித்துக் கட்டித் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றி, அங்கே இருந்தவர்களோடு முறையான வாடகை ஒப்பந்தம் போட்டது. 1987இல் அந்த நாட்டில் ஏறக்குறைய 18,000 பேர் வீடில்லாமல் இருந்தார்கள், 2022இல் அது 4,000க்கும் கீழே வந்துவிட்டது. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் வீடில்லாத 2,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முதலில் வீடு கொடுத்துப் பார்த்தது. முதலில் வீடு கிடைத்த பிரிவினர் மற்றவர்களைவிட வெகு அதிகமாக வீட்டில் நிலைத்திருந்தார்கள்.

ஃபின்லாந்து எங்கே, சேலம் எங்கே என்று கேட்பீர்கள். நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையில் 1993இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, மனநோயோடு தெருவில் இருந்த பெண்களுக்காக 2015 வாக்கில் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றை ஆரம்பித்தது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போகிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருக்கிறார். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிவைத்த நிலையில் மனநோயாளிகள் எரிந்துபோன அதே மாநிலத்தில்தான் இதுவும் நடக்கிறது. நம் ஊரில் அம்மாப்பேட்டையிலோ குகையிலோ அப்படி ஒரு வீடு எடுக்க என்ன தடை? தெருவில் திரியும் மனநோயாளியை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்கிறது. காவல் ஆணையாளர் இதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுதி ஒட்டச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் அளவுக்கு நிரந்தரக் காப்பகம் வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி, வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கிலேயே நம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியானால் குறைந்தது 800 பேருக்கு இடம். இருக்கிற காப்பகங்களின் இடங்களைக் கூட்டி, இந்த 800க்குப் பக்கத்தில் எழுதி மாமன்றத்தில் வையுங்கள். குடும்பத்தோடு வருபவரைப் பிரிக்காத காப்பகம் எத்தனை, ராத்திரி ரெண்டு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்குக் கதவு திறக்கும் காப்பகம் எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் காப்பகத்தோடு நின்றுவிடாதீர்கள். ஐம்பது சதுர அடியில் யாரும் வாழ்க்கை முழுவதும் இருக்க முடியாது.

இந்த மடலில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். மேலே சொன்ன அக்காவால் வாடகை கொடுக்க முடியும். வேலை இருக்கிற நாளில் முந்நூறு ரூபாய் பார்க்கிறார். ரோட்டில் இருப்பதற்கே அவருக்குத் தினமும் செலவாகிறது. கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு, போன் வைத்திருப்பவர்களுக்குச் சார்ஜ் போடக் காசு, உட்கார இடம் வேண்டுமே என்பதற்காக ஒரு டீ. லைன் வீட்டில் ஓர் அறைக்கு மாதம் மூவாயிரம் கேட்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஆயிரம். முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு மாதம் 1,200 வருகிறது, அவராலும் முடியும். முடியாதது இருபதாயிரம் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதுதான் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பொதுவிதி, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று அதிலேயே இடம் இருக்கிறது. அதற்கும் மேலே, "எந்த ஊர், யார் சொல்லி வந்தீங்க, வீட்டுக்காரர் எங்கே" என்ற கேள்விகள், அதற்கப்புறம் சாதி. ரோட்டிலிருந்து வருபவர் என்று தெரிந்தால் அறை காலியில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே மாநகராட்சியே அட்வான்ஸுக்குப் பொறுப்பேற்கட்டும். ஒரு நிதியை ஒதுக்கி, வீட்டுக்காரரோடு மாநகராட்சி ஒப்பந்தம் போட்டு அறைகளை எடுத்து, உள்ளே வருபவரிடம் அவருடைய வருமானத்துக்குத் தக்க வாடகை வாங்கலாம். வீட்டுக்காரருக்கு வாடகை தவறாது, பிரச்சினை என்றால் பேச ஓர் அலுவலர் இருப்பார். 2024இல் வந்த பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகைக் குடியிருப்பு கட்டுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோடு (பழைய குடிசை மாற்று வாரியம்) பேசி, மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து வரும் தூரத்தில் இடம் கேளுங்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் ராத்திரி வேலைக்காரர் மறுபடி திண்ணைக்கே வந்துவிடுவார். சொந்தமாக மனை உள்ளவருக்கு வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன, நல்ல திட்டங்கள். மனையே இல்லாதவர் அவற்றில் எதற்கும் மனுப் போட முடியாது.

வீடு கொடுத்தால் விற்றுவிடுவான் என்பார்கள். வாடகை அறையை எப்படி விற்பது? குடிப்பான் என்பார்கள். குடிக்கிறவர்கள் சொந்த வீடுகளிலும்தான் இருக்கிறார்கள், அதற்காக யாரும் அவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்லை. குடியை விட நினைக்கிறவருக்கும் மாத்திரை போட்டுப் படுக்க ஓர் இடம் வேண்டும். சுற்று ஜில்லாவெல்லாம் இங்கே வந்துவிடும் என்பார்கள். அவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள், நம் மண்டிகளும் பட்டறைகளும் ஹோட்டல்களும் அவர்களை வைத்துத்தான் நடக்கின்றன.

ஏற்காடு மாநகராட்சி எல்லையில் வராது, தெரியும். ஆனாலும் கலெக்டர் அவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் வேலையில் இருப்பவருக்கு வீடு தரச் சொன்னது. வேலை முடிந்ததும் வீடும் முடிந்துவிடும். காப்பிக் காட்டிலேயே வயதானவர் கீழே இறங்கி வந்தால், முதலில் படுக்கிற இடம் சேலம் பஸ் ஸ்டாண்டாகத்தான் இருக்கும். ஓய்வுபெறும் ஆண்டிலேயே அவர்களுக்கு வீட்டுக்கு வழி செய்ய வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியவை மூன்று. காவல்துறையிடம் கேட்பது: படுத்திருப்பதற்காக மட்டும் யார்மேலும் கேஸ் வேண்டாம். எந்தக் காரணத்துக்காக எழுப்பினாலும் பையைக் குப்பையில் போடாமல் ஓரிடத்தில் சீட்டுப் போட்டு வையுங்கள், அதற்குள் ஒருவருடைய மருந்தும் ஆதாரும் இருக்கும். மாநகராட்சியிடம் கேட்பது: காப்பகத்தின் விலாசத்தை ரேஷன் கார்டுக்கும் உதவித்தொகைக்கும் ஏற்கும்படி வருவாய்த் துறையோடு பேசுங்கள். வாக்காளர் பட்டியலுக்கு இதற்கு முன்மாதிரியே இருக்கிறது. வீடில்லாதவர் விண்ணப்பித்தால் வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் போய் அவர் படுக்கிற இடத்தைப் பார்த்துப் பெயரைச் சேர்க்கலாம் என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. ஓட்டுக்கு முடிகிறது என்றால் அரிசிக்கும் முடிய வேண்டும்.

மூன்றாவது, ஒரு கணக்கெடுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு ஒரே ராத்திரியில் வீடற்றவர்களை எண்ணினார்கள், நாடு முழுவதும் 17 லட்சத்துக்கு மேல் வந்தது. நம் நகரத்துக்கு நாமே ஓர் இரவு எண்ணுவோம். ஜங்ஷன், புதிய பஸ் ஸ்டாண்ட், ஈரடுக்கு பஸ் ஸ்டாண்ட், லீ பஜார், ஆஸ்பத்திரி வாசல் என்று பிரித்துக்கொண்டால் ஒரே ராத்திரியில் முடியும். சீருடையில் யாரும் வர வேண்டாம், பார்த்ததும் எழுந்து போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பூ மார்க்கெட் வரை இருப்பவர்களில் பலரை எனக்கு முகம் தெரியும். தேதியைச் சொல்லுங்கள், கடையை முன்னதாக மூடிவிட்டு என் கடைப் பையன்களோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
சேலம்.